டிரக் கேம்பிங்குக்குச் சிக்கனமான ஃபிரிட்ஜா, ஐஸ் பாக்ஸா? தேர்விலிருந்து முதல் இரவு வரை முழு வழிகாட்டி

வண்டியிலேயே படுத்துத் தங்கும் டிரக் கேம்பிங்குக்குப் புதிதாக வருபவர்களில் பலர் உணவைக் குளிராக வைக்கும் பெட்டியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மின்சாரம் எங்கிருந்து வரும், வண்டியில் எந்த மூலையில் உட்காரும், மூடி முழுதாகத் திறக்குமா என்ற யோசனையெல்லாம் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. பணம் வீணாவது இங்கேதான். மலிவாகக் கிடைத்த பெட்டிக்காக விலை கூடிய பேட்டரி வாங்க நேர்கிறது. இல்லையென்றால் நல்ல ஃபிரிட்ஜ் ஒன்று மெல்லிய வயரால் நள்ளிரவில் நின்றுபோய், காலையில் இறைச்சியைக் கொட்ட நேர்கிறது.

ஆகவே இங்கே வாங்கும் வேலை பின்னால்தான் வருகிறது. முதலில் இரவுகளும் உணவும், பிறகு பெட்டியின் வகை, கொள்ளளவு, இடம், மின்சாரம். இவை முடிந்தால் எந்த மாடல் என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. இன்னொன்று: ‘விலை’ என்று இங்கே சொல்வது பெட்டியின் விலையை மட்டுமல்ல. அதைக் குளிராக வைத்திருக்கத் தேவைப்படும் பேட்டரி, வயர் அல்லது ஐஸ் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, வோல்ட்டேஜ் அளக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர், பெட்டிக்குள் வைக்கக்கூடிய இரண்டு வெப்பமானிகள், பெரிய அட்டைப் பெட்டி ஒன்று. முடிந்தால் 12 வோல்ட் வாட் மீட்டர். இது விலை குறைந்த கருவிதான். ஆனால் ஃபிரிட்ஜ் உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை இதுபோல் வேறெதுவும் தெளிவாகக் காட்டாது.

1. இரவுகளை எண்ணுங்கள், உணவைப் பிரியுங்கள்

வழக்கமாக ஒரு பயணத்தில் எத்தனை இரவு தங்குகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை பயணம் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போகும் நீண்ட பயணத்தைக் கணக்கின் அடிப்படையாக எடுக்காதீர்கள். அந்த ஒரு பயணத்துக்காகப் பெரிய பெட்டி வாங்கினால், மற்ற எல்லாப் பயணங்களிலும் பாதி காலியான பெட்டியைச் சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

அடுத்து, எடுத்துச் செல்லும் உணவை மூன்றாகப் பிரியுங்கள்: குளிரில்லாமல் கெட்டுப்போகும் இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு; குளிராக இருந்தால் நன்றாயிருக்கும் பானங்கள்; குளிரே தேவைப்படாதவை. முதல் வகை எப்போதும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் 2 மணி நேரம் கிடந்தால், வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரமே கிடந்தாலும், அதைத் தின்னக் கூடாது.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் பலரது பெட்டியில் பாதிக்கு மேல் பானங்களே இருப்பது தெரியும். பானத்தை ஒரு மலிவான ஐஸ் பாக்ஸில் போட்டுவிட்டால், கெட்டுப்போகும் உணவுக்கு மிகச் சிறிய பெட்டி போதும். பானத்துக்காகத்தான் பெட்டியை அடிக்கடி திறக்கிறோம் என்பதால், இரண்டையும் பிரிப்பது உணவுப் பெட்டியின் குளிரையும் காக்கும்.

2. நான்கு வகைப் பெட்டிகளை வேறுபடுத்தி அறியுங்கள்

ஐஸ் பாக்ஸ்: மின்சாரம் வேண்டாம், பழுதாகும் பாகம் இல்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல், அதாவது சுமார் 93 வாட்-மணி (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரத்தில் எடுப்பது ஒரு வாட்-மணி) வெப்பத்தை உறிஞ்சுகிறது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும். ஒன்று, இரண்டு இரவுகளுக்கு இதுவே பெரும்பாலோருக்கு ஏற்றது, தயங்காமல் வாங்கலாம்.

தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி: கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரத்தால் நேரடியாகக் குளிர்விப்பது. விளம்பரங்களில் இதுவும் ‘கார் ஃபிரிட்ஜ்’ என்ற பெயரில்தான் வருகிறது. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். இது வெளி வெப்பத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். வண்டிக்குள் 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் 18க்குக் கீழே இறங்காது. இறைச்சிக்கு அது ஆபத்து. அதோடு மலிவான மாடல்கள் நிற்காமல் ஓடும். 50 வாட் பெட்டி ஒரு நாளில் 1200 வாட்-மணி எடுக்கும்; ஒரு கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் எடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதை அடையாளம் காண மூன்று குறிகள்: எடை 5 கிலோவை ஒட்டி இருக்கும், ‘சூடாக்கும், குளிராக்கும்’ என்று இரண்டும் எழுதியிருக்கும், வெப்பநிலையை ‘வெளி வெப்பத்தைவிட இவ்வளவு குறைவு’ என்று சொல்லியிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஏற்கெனவே குளிர்ந்த பானத்தைக் காப்பாற்ற மட்டும் இது உதவும்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்: வீட்டு ஃபிரிட்ஜின் அதே இயக்கம், 12 வோல்ட்டில். உள்ளே குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும், மறுபடி சூடேறும்போது ஓடும். மூன்று இரவுக்கு மேல் தங்குபவர்களுக்கும் அடிக்கடி போகிறவர்களுக்கும் இதுதான். கம்ப்ரசரின் எடை காரணமாகச் சிறிய மாடலே 9, 10 கிலோ இருக்கும்.

எரிவாயுவில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ்: சமதளத்தில் நின்றால்தான் சரியாக வேலை செய்யும், 12 வோல்ட்டில் மின்சாரத்தை அதிகமாக எடுக்கும். மூடிய வண்டிக்குள் எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். தூக்கத்திலேயே உயிர் போகும். வண்டிக்குள் தூங்குபவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

3. லிட்டர் கணக்கில் ஐஸுக்கும் பங்கு கொடுங்கள்

ஐஸ் பாக்ஸில் பாதி இடமாவது ஐஸுக்குப் போய்விடும். ஆகவே 50 லிட்டர் ஐஸ் பாக்ஸில் உணவுக்குக் கிடைப்பது 25 லிட்டர்தான். கம்ப்ரசர் ஃபிரிட்ஜில் ஐஸ் வேண்டாம் என்பதால் 30 லிட்டர் மாடலே அந்த 50 லிட்டர் பெட்டிக்கு ஈடாகும். இந்த இரண்டையும் அதே லிட்டருக்கு அதே லிட்டர் என்று ஒப்பிடுவதால்தான் பலர் தேவைக்கு மேல் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிவிடுகிறார்கள்.

ஒருவருக்கு 20 முதல் 25 லிட்டர், இருவருக்கு 30 முதல் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் போதும். கம்ப்ரசருக்கு மேலே உள்ள மேடான பகுதியும் லிட்டர் கணக்கில் சேர்ந்திருக்கும். அங்கே உயரம் குறைவு, மற்ற இடத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெண்ணெய், பழங்கள் வைக்கலாம், இறைச்சி கூடாது. நீங்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் பாட்டில் நிமிர்ந்து நிற்குமா என்று உள் உயரத்தையும் பாருங்கள்.

இரண்டு அறை மாடல் தேவைதானா என்று நன்றாக யோசியுங்கள். ஒரு அறையை மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மின்செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதற்கேற்ற பேட்டரியும் வேண்டும். இறைச்சியை வீட்டிலேயே உறைய வைத்து ஃபிரிட்ஜின் அடியில் வைத்தால் இரண்டு நாளுக்கு மேல் கெட்டியாகவே இருக்கும்; பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

4. வண்டியில் இடத்தை அட்டைப் பெட்டியால் அளந்து பாருங்கள்

வாங்க நினைக்கும் மாடலின் வெளி அளவுக்கு அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி வண்டியில் வையுங்கள். அளவு நாடா காட்டாத பலவற்றை இது காட்டிவிடும்: சக்கர மேடு இடிக்கிறது, படுக்கை விரித்தபின் கால் நீட்ட இடமில்லை, பின்கதவு மூடவில்லை.

மூடி திறக்கும் உயரத்தைக் கட்டாயம் பாருங்கள். பின்தளத்துக்கு மேல் கூரை மூடி போட்ட வண்டியில் ஃபிரிட்ஜ் நன்றாகப் பொருந்திவிட்டு, மூடி பாதிதான் திறக்கும் என்பது அடிக்கடி நடக்கிறது. மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, நீங்கள் எந்தப் பக்கம் நின்று எடுப்பீர்கள் என்பதையும் பொருத்திப் பாருங்கள். மூடியை முழுதாகக் கழற்றக்கூடிய மாடல் என்றால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

காற்றுத் துவாரம் உள்ள பக்கங்களில் 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை ஃபிரிட்ஜ் அந்த வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. அங்கே போர்வையோ பையோ அடைத்தால் தான் வெளிவிட்ட சூடான காற்றையே மறுபடி இழுத்து, நிற்காமல் ஓடும்.

எடையையும் மறக்காதீர்கள். 40 லிட்டர் ஃபிரிட்ஜ் காலியாக 12 முதல் 18 கிலோ, நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். திடீர் பிரேக்கில் அந்த எடை அப்படியே முன்னே பாயும். தளத்தில் உள்ள கொக்கிகளில் இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டும் இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ரப்பர் கயிறு போதாது, அது இழுபடும்.

5. மின் கணக்கைப் போடுங்கள்

ஐஸ் பாக்ஸ் என்று முடிவு செய்தவர்கள் நேராக 8ஆம் பகுதிக்குப் போகலாம். மற்றவர்கள் இந்தப் பகுதியைக் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 முதல் 60 வாட் எடுக்கும். எல்லா நேரமும் ஓடாது. குளிர்ந்த வானிலையில் நாளில் கால் பங்கு நேரம் ஓடினால் போதும். கடும் வெயிலில் பாதி நேரம் ஓடும். 50 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 300 முதல் 600 வாட்-மணி. திட்டமிட 450 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக மணிக்கு 19 வாட்-மணி.

இதை ஒவ்வொரு மின்மூலத்தோடும் பொருத்திப் பார்ப்போம்.

வண்டியின் சொந்த பேட்டரி: 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எஞ்சினைச் சுழற்ற ஒரு கணம் பெரிய மின்னோட்டம் தருவதற்கென்று மெல்லிய தகடுகளால் செய்த பேட்டரி அது. ஆழமாகக் காலி செய்தால் விரைவில் பழுதாகும். எடுக்கக்கூடியது 12 ஆம்பியர்-மணி; 12 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 144 வாட்-மணி. ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஓர் இரவுகூட முழுதாக வராது.

தனியாக வைக்கும் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரி: இது மூடிய ஈய-அமில வகை. பாதியைத்தான் பயன்படுத்தலாம். 600 வாட்-மணி, ஒன்றேகால் நாளுக்கு மேல் வரும்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி: 12.8 வோல்ட் கணக்கில் 1280 வாட்-மணி, அதில் 90 சதவீதம் எடுக்கலாம். இரண்டரை நாள் வரும். விலை கூடுதல்தான், ஆனால் பயன்படுத்தக்கூடிய ஒவ்வொரு வாட்-மணிக்கும் என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். ஏஜிஎம்மின் மலிவு பெரும்பாலும் கரைந்துபோகும். உறைபனி விழும் இடங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. அதைத் தடுக்கும் பாதுகாப்பு உள்ள மாடலா என்று பாருங்கள்.

500 வாட்-மணி பவர் ஸ்டேஷன்: பேட்டரியும் பிளக் துளைகளும் ஒன்றாக உள்ள, கையில் தூக்கிச் செல்லும் பெட்டி இது. இழப்பு போக 425 கிடைக்கும். ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. வண்டியில் எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம் என்பதால் புதியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஃபிரிட்ஜை 12 வோல்ட் துளையில் செருகுங்கள், வீட்டு பிளக் துளையில் அல்ல. வீட்டு பிளக் துளைக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும். அடுத்து, பல பவர் ஸ்டேஷன்களில் சிக்கன முறை ஒன்று இருக்கிறது: குறிப்பிட்ட நேரம் சுமை குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் இடைவெளியில் ஸ்டேஷன் அணைந்துபோகும், பிறகு ஃபிரிட்ஜ் எழவே எழாது. அந்த முறையை நிறுத்திவையுங்கள். நிறுத்த முடியாத மாடலை வாங்காதீர்கள்.

6. திரும்ப நிரப்பும் வழியை முடிவு செய்யுங்கள்

இரண்டு இரவுக்கு மேல் வெளியே தங்குவதென்றால் எடுத்த மின்சாரத்தைத் திருப்பித் தர வழி வேண்டும்.

தினமும் வண்டி ஓட்டுபவர்களுக்கு சிகரெட் லைட்டர் துளையே போதும். அது பாதுகாப்பாக 100 வாட் அளவுக்குத் தரும். ஃபிரிட்ஜுக்குப் போவது போக மணிக்கு 80 வாட்-மணி மிஞ்சும். 500 வாட்-மணி ஸ்டேஷன் நிரம்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் ஆகும். தனி பேட்டரி வைத்தவர்கள், வண்டியின் வோல்ட்டேஜை அந்த பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வைப்பது நல்லது. புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் பாகம்) எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டேஜைக் குறைத்துவிடும் என்பதால் நேரடி வயர் இணைப்பில் பேட்டரி முழுதாக நிரம்பாது.

நின்ற இடத்திலேயே இருப்பவர்களுக்கு சோலார். கூரையில் படுக்கவைத்த 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 300 முதல் 350 வாட்-மணி தரும். அது ஃபிரிட்ஜின் நாள் தேவையை முழுதாக ஈடுகட்டாது. ஆனால் ஒரு நாள் தாங்கும் பேட்டரியை மூன்று நாள் இழுக்கும். கூரையில் பொருத்துவதைவிட மடக்கும் பேனல் வாங்குவது மேல். வண்டி நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் கிடக்க வேண்டும். கூரைப் பேனலில் இரண்டும் ஒன்றாக நடக்காது.

7. வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் இடம் இதுதான். பேட்டரி நிறைந்திருந்தும் ஃபிரிட்ஜ் ‘வோல்ட்டேஜ் குறைவு’ என்று நின்றுபோனால் மெல்லிய வயரையோ தளர்ந்த பிளக்கையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 5 மீட்டர் என்றால், போகவும் வரவும் வயர் 10 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 5 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 0.6 வோல்ட் இழப்பு. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் 10 ஆம்பியர் இழுத்தால் 1.2 வோல்ட். பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஃபிரிட்ஜ் 11.2ஐத்தான் பார்க்கும், அணைந்துவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போட்டால் 5 ஆம்பியரில் இழப்பு 0.22 வோல்ட், 6 சதுர மி.மீ. என்றால் 0.15 மட்டுமே. பின்தளம் வரை வயர் இழுப்பவர்கள் 6 போடுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள், 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபிரிட்ஜை அல்ல, வயரை. வழியில் எங்காவது வயர் உராய்ந்து வண்டி உடலைத் தொட்டால் ஃபியூஸ் இல்லாத பகுதி தீப்பிடிக்கும். ஃபியூஸை ஃபிரிட்ஜ் பக்கம் வைத்தால் நடுவிலுள்ள முழு வயரும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும்.

சிகரெட் லைட்டர் பிளக் குலுங்கலில் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் இளகும். நிரந்தர இணைப்புக்கு ஆண்டர்சன் பிளக் போல அழுத்திப் பிடிக்கும் வகையைப் போடுங்கள். எஞ்சினை அணைத்ததும் வண்டியின் துளையில் மின்சாரம் நிற்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் நிற்கும். ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று நம்பி மலையேறிவிட்டு வந்தால் உள்ளே எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும்.

கடைசியாக, ஃபிரிட்ஜில் உள்ள பேட்டரிப் பாதுகாப்பு அமைப்பு. பெரும்பாலும் மூன்று நிலைகள் இருக்கும்: உயர், நடு, தாழ். உயர் நிலையில் ஃபிரிட்ஜ் சீக்கிரமே நின்று பேட்டரியைக் காக்கும். வண்டியின் சொந்த பேட்டரியில் ஓட்டினால் உயர் நிலைதான், வேறு பேச்சே இல்லை. தாழ் நிலையில் விட்டால் காலையில் எஞ்சின் கிளம்பாது. பவர் ஸ்டேஷனும் லித்தியம் பேட்டரியும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளும் என்பதால் அங்கே தாழ் நிலை வையுங்கள். இல்லையென்றால் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே ஃபிரிட்ஜ் நிற்கும்.

8. ஐஸ் பாக்ஸ் என்றால் ஃபோமின் தடிப்பைப் பாருங்கள்

வெளியே 30 டிகிரி, உள்ளே ஐஸ் என்று வைப்போம். 50 லிட்டர் பெட்டியின் சுவரில் 2.5 சென்டிமீட்டர் ஃபோம் இருந்தால், திறக்காமல் வைத்தாலே நாளுக்குச் சுமார் 6, 7 கிலோ ஐஸ் உருகும். 5 சென்டிமீட்டர் என்றால் 4 கிலோவுக்குள். மூன்று நாளுக்கு முதல் பெட்டியில் 20 கிலோ ஐஸ் வேண்டும், உணவுக்கு இடமே மிஞ்சாது. ஒரே இரவுக்கு மலிவான பெட்டி போதும், மூன்று இரவுக்குத் தடித்த சுவர் கட்டாயம் என்பது இதனால்தான்.

மலிவான பெட்டிகளில் மூடி பெரும்பாலும் வெற்றுப் பிளாஸ்டிக், உள்ளே ஃபோம் இருக்காது. தட்டிப் பாருங்கள், டொக்கென்று ஒலித்தால் காலி. அதே பெட்டியை வாங்கி, உள்ளே பொருட்களின் மேல் பொருந்தும்படி ஒரு ஃபோம் பலகை வெட்டிப் போட்டால் அந்தக் குறை பெரிதும் தீரும். மூடியின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசியும்.

‘5 நாள் ஐஸ் தாங்கும்’ என்பது நிறைய ஐஸ் போட்டு, திறக்காமல், நிழலில் வைத்து எடுத்த கணக்கு. நடைமுறையில் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டி ஐஸ் மெதுவாக உருகும், துண்டு ஐஸ் விரைவாகக் குளிர்விக்கும். அடியில் கட்டி, இடுக்குகளில் துண்டு என்று இரண்டையும் சேர்க்கலாம். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து எடுப்பது எங்கள் முதல் தேர்வு: உணவு நனையாது, உருகியபின் குடிக்கலாம். முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு உறைய வையுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். உருகிய தண்ணீரை அவசரப்பட்டுத் திறந்து விடாதீர்கள். ஐஸ் மிச்சமிருக்கும் வரை அது 0 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீர். வெளியே விட்டால் அந்த இடத்தில் சூடான காற்று நுழையும். அந்த நீர் புகாத டப்பாக்களில் உணவை வைப்பதே சரியான வழி.

உலர் ஐஸ் வேண்டாம். அது கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறும்; மூடிய வண்டிக்குள் அதன் பக்கத்தில் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

9. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

ஐஸுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில் இன்னும் தயங்குகிறவர்கள் ஒரு வகுத்தல் செய்யுங்கள். ஃபிரிட்ஜ், பேட்டரி, வயர் எல்லாம் சேர்ந்த விலையிலிருந்து நல்ல ஐஸ் பாக்ஸின் விலையைக் கழியுங்கள். அதை, ஒரு பயணத்தில் ஐஸுக்கும் ஐஸ் வாங்க ஓடும் எரிபொருளுக்கும் ஆகும் செலவால் வகுங்கள். எத்தனை பயணத்தில் ஃபிரிட்ஜ் தன் விலையை ஈட்டும் என்று தெரியும். ஐந்தாறு ஆண்டுகளில் அத்தனை பயணம் போக மாட்டீர்கள் என்றால் ஐஸ் பாக்ஸே சிக்கனம்.

கம்ப்ரசர் மாடல்களில் செயலி, ப்ளூடூத், சக்கரம், உள்விளக்கு, பாட்டில் திறப்பான் ஆகியவற்றை விட்டுவிடலாம். மைனஸ் 20 வரை போகும் என்ற பெருமையும் வேண்டாம். விடக்கூடாதவை நான்கு: மூன்று நிலை பேட்டரிப் பாதுகாப்பு, திரையில் வோல்ட்டேஜ் காட்டுவது, தடித்த மூடியும் நல்ல ரப்பர் விளிம்பும், தனியாகக் கிடைக்கும் மின்வயர். கடைசியானதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த மாடலுக்கே உரிய பிளக் வைத்த வயர் பழுதானால், மாற்று கிடைக்காத நிலையில் ஃபிரிட்ஜே உதவாமல் போகும்.

வெப்பமான இடங்களில் பயன்படுத்துவோர் தகடில் எழுதிய தட்பவெப்ப வகையைப் பாருங்கள். ‘என்’ என்றால் 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ 38 வரை, ‘டி’ 43 வரை. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 43ஐத் தாண்டுவது எளிது என்பதால் ‘டி’ இருந்தால் நல்லது.

பழைய ஃபிரிட்ஜ் வாங்குவதென்றால் அங்கேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உள்சுவர் ஒரே சீராகக் குளிர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து மற்ற இடம் வெதுவெதுப்பாக இருந்தால் குளிரூட்டும் வாயு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

10. கிளம்பும் முன் வீட்டில் ஒரு நாள் ஓட்டுங்கள்

பெட்டி படுத்த நிலையில் வந்திருந்தால் நிமிர்த்தி வைத்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து இணைப்புக் கொடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்பி வரும் முன் ஓட்டினால் கம்ப்ரசர் தேயும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை வைத்து உள்ளே அடியில் ஒன்று, மேல் கூடையில் ஒன்று வையுங்கள். 4 டிகிரிக்கு அமைத்து 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்றை அளந்தால் மூடி திறந்ததும் எண் தாவும்; தண்ணீர்தான் உண்மையைச் சொல்லும். மலிவான மாடல்களில் திரை காட்டும் எண்ணுக்கும் உண்மைக்கும் 2, 3 டிகிரி வித்தியாசம் இருக்கலாம், அடிக்கும் மேலுக்கும் வித்தியாசம் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு அமைப்பை அதற்கேற்ப இறக்குங்கள்.

பிறகு வண்டியின் வயரில் இணைத்து, கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டரால் அளந்து, ஃபிரிட்ஜ் திரையில் காட்டும் வோல்ட்டேஜோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ இணைப்பிலோ குறை இருக்கிறது. இதை வீட்டு வாசலில் சரிசெய்வது எளிது.

11. குளிர்ந்ததை மட்டும் ஏற்றுங்கள்

30 டிகிரியில் உள்ள 10 கிலோ பானத்தை 4 டிகிரிக்கு இறக்க, அதிலிருந்து 300 வாட்-மணி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஐஸ் பாக்ஸில் இது 3 கிலோவுக்கு மேல் ஐஸை விழுங்கும். ஃபிரிட்ஜில் அரை நாள் மின்சாரத்தை விழுங்கும். வீட்டு ஃபிரிட்ஜில் முந்தின இரவே வைத்துவிட்டால் இந்தச் செலவு முழுதும் மிச்சம். பெட்டியையும் அவ்வாறே வீட்டு மின்சாரத்தில் இரவு முழுதும் ஓட்டுங்கள். ஐஸ் பாக்ஸ் என்றால் முந்தின இரவு கொஞ்சம் ஐஸ் போட்டு வைத்து, காலையில் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

காலி இடம் விடாதீர்கள். உணவு குறையக் குறையத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள். கீரை, முட்டை போன்றவை உள்சுவரைத் தொட்டால் உறைந்துபோகும், நடுவில் வையுங்கள்.

சோலார் உள்ளவர்கள் பகலில் 1 டிகிரிக்கும், சூரியன் இறங்கியதும் 4க்கும் மாற்றுங்கள். பகல் மின்சாரம் உணவிலேயே குளிராகச் சேர்ந்திருக்கும். இரவில் சில மணி நேரம் கம்ப்ரசர் எழாது. பக்கத்தில் தூங்குபவர்களுக்கு அந்த அமைதியும் ஒரு லாபம்.

12. நின்றுபோனால் இந்த வரிசையில் தேடுங்கள்

திரையே எரியவில்லை என்றால் பிளக், பிறகு பிளக்குக்குள் உள்ள சிறு ஃபியூஸ், பிறகு பேட்டரி அருகிலுள்ள ஃபியூஸ். பிளக்குக்குள் ஃபியூஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது. முனையைத் திருகினால் வெளியே வரும். அதே அளவில் இரண்டு உபரியாக வைத்திருங்கள்.

திரை எரிகிறது, கம்ப்ரசர் எழ முயன்று நிற்கிறது என்றால் வோல்ட்டேஜ். பாதுகாப்பு நிலையை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஓடிவிட்டால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது வயர் இழக்கிறது. இரண்டில் எது என்று மல்டிமீட்டர் சொல்லும். வண்டியின் சொந்த பேட்டரியில் ஓட்டும்போது இந்தச் சோதனையைச் சில நிமிடங்களுக்கு மேல் நீட்டாமல் மறுபடி உயர் நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிரவில்லை என்றால் காற்றுத் துவாரம், மின்விசிறி, ரப்பர் விளிம்பு, உள்ளே படிந்த பனி. பனி 3, 4 மில்லிமீட்டர் தடித்தால் அதுவே குளிரைத் தடுக்கும். அணைத்து உருகவிடுங்கள், கத்தியால் சுரண்டினால் உட்குழாயில் ஓட்டை விழும், பிறகு சரிசெய்ய முடியாது. இவை எல்லாம் சரியாக இருந்தும் அரை மணி நேரத்தில் உள்சுவர் குளிரவில்லை என்றால் சாலையோரத்தில் செய்ய ஒன்றுமில்லை. மூடியைத் திறக்காமல் பக்கத்து ஊரில் ஐஸ் வாங்கி உள்ளே போடுங்கள். தடித்த சுவர் உள்ள கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நல்ல ஐஸ் பாக்ஸாகவும் வேலை செய்யும். ஐஸை மூடிய பைகளில் போட்டு, உருகும் நீர் மின்பாகங்களின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.